செங்கோலை நம்பி நடந்த வழி: சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் வழிகூறலும் அதன் பொய்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பெருநகர் ஒன்றுக்குப் புதிதாகச் செல்வோர்க்கு வழியும், பருவமும், தங்குமிடமும், இடையூறும் எடுத்துரைப்பது தமிழில் ஆற்றுப்படை நூல்களால் நிலைபெற்ற மரபாகும். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இம்மரபை ஏற்று, அதன் அடித்தளமான செங்கோல் நம்பிக்கையைச் சோதனைக்கு உட்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் கூறும் வழிக்குறிப்பு, புறஞ்சேரி இறுத்த காதையில் பாணர் கூறும் மறுமொழி, ஊர்காண் காதையில் கோவலன் காணும் நகர்க்காட்சி ஆகிய மூன்றும் இங்கு ஆராயப்படுகின்றன. பாலைத்திணைக்கு இலக்கணமாகத் தனித்து எடுத்தாளப்படும் பகுதி, தன் முன்னுள்ள உவமையோடு சேர்த்து வாசிக்கப்படும்போது பெறும் பொருள் மாற்றமும், மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை சார்ந்த வறண்ட நிலத்தின் வகுப்பறைகளுக்கு அம்மாற்றம் எவ்வாறு பொருந்துகிறது என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், ஆற்றுப்படை, வழிகூறல், பாலை, செங்கோல், மதுரை, காரியாபட்டி, திருச்சுழி

முன்னுரை

சிலப்பதிகாரத்தைப் பற்றிய ஆய்வுகளில் காடுகாண் காதையும் ஊர்காண் காதையும் பெரும்பாலும் வருணனைப் பகுதிகளாகவே அணுகப்பட்டு வந்துள்ளன. முன்னதில் பாலை பற்றிய அடிகளும் திருவரங்கம், திருவேங்கடம் பற்றிய அடிகளும் தனித்தனியே எடுத்தாளப்படுகின்றன. பின்னதில் பண்டைய வணிகம், மணியியல், நகரமைப்பு ஆகியவற்றுக்கான சான்றுகள் தேடப்படுகின்றன. இத்தகைய பயன்பாடுகள் தவறானவை அல்ல. ஆயினும், இப்பகுதிகள் கதையோட்டத்தில் என்ன பணியைச் செய்கின்றன என்ற வினா அவற்றால் பின்தள்ளப்படுகிறது.

கதையில் இவை ஒரு பயணிக்குத் தேவையான செய்திகள். புகாரிலிருந்து மனைவியோடும் கவுந்தியடிகளோடும் நடந்துவரும் கோவலன் மதுரையை முன்பு கண்டவன் அல்லன். எந்த வழியாகச் செல்வது, எப்பொழுது நடப்பது, இன்னும் எவ்வளவு தொலைவு, நகருக்குள் எங்கே எது விற்கப்படுகிறது என்பவை அவனுக்கு வேண்டிய விவரங்கள். இவற்றை யார் கூறுகின்றனர், எதை உறுதியாக வைத்துக் கூறுகின்றனர், எதைக் கூறாது விடுகின்றனர் என நோக்கும்போது மதுரைக் காண்டத்தின் அவலம் புதியதொரு கோணத்தில் புலப்படுகிறது.

1. ஆற்றுப்படை மரபில் வழிகூறல்

பரிசில் பெற்று மீள்வோர், எதிர்ப்பட்ட வறியோரை அவ்வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஒரு துறையாக வகுக்கிறது. பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளில் புரவலனின் புகழ் மையமாக இருப்பினும், அப்புகழை அடையும் வழி மெய்யான வழியாகவே காட்டப்படுகிறது. நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பன்றிகளுக்கு வைத்த பொறிகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் என ஒவ்வோர் இடையூறும் அதில் முறையாகச் சொல்லப்படுகிறது. பாதை பிரியுமிடத்தில் புல்லை முடிந்து வைக்குமாறும் அறிவுரை இடம்பெறுகிறது. பின்வரும் அயலார் வழி தவறாமைக்கு அது அடையாளம். வழி கேட்டவன் தானும் வழிகாட்டியாக மாறும் பொறுப்பு இதனால் உணர்த்தப்படுகிறது.

சிறுபாணாற்றுப்படை வேறொரு வகையில் இங்குக் கருதத்தக்கது. வஞ்சி, மதுரை, உறந்தை என்னும் மூன்று பெருநகர்களையும் சிறப்பித்துவிட்டு, நல்லியக்கோடனின் கொடைக்கு முன் அவையும் வறியனவே என்கிறது அந்நூல். பெருநகரின் பெயரால் மட்டும் மயங்காமல், அங்கே சென்றால் வந்தவனுக்கு என்ன கிடைக்கும் என மதிப்பிடும் பார்வை அதில் உள்ளது.

இவ்வாய்வுக்கு இன்றியமையாதது பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஓர் உறுதிமொழி. தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் வழிப்போவாரைத் தாக்கிப் பொருள் பறிப்போர் இல்லை, இடி முழங்குவதில்லை, பாம்பு கொல்வதில்லை, காட்டு விலங்குகளும் துன்புறுத்துவதில்லை. எனவே விரும்பிய இடத்தில் இளைப்பாறிச் செல்லலாம் என்கிறான் பாணன். அரசனின் முறை செம்மையாக இருப்பதால் வழி பாதுகாப்பானது என்னும் தொடர்பு இங்கே இலக்கிய மரபாக நிலைபெறுகிறது. பயணச் செய்தியின் உண்மைக்குப் பிணையாக நிற்பது செங்கோல்.

2. மாங்காட்டு மறையவன் கூறிய மூன்று நெறிகள்

மதுரைக் காண்டத்தின் முதற்காதையில், குடமலைப் பகுதியின் மாங்காட்டைச் சேர்ந்த மறையவன் ஒருவன் பாண்டியனை வாழ்த்தியபடி எதிர்ப்படுகிறான். திருமால் கோயில் கொண்ட திருவரங்கத்தையும் வேங்கடத்தையும் காணும் வேட்கையோடு வருபவன் அவன். பாண்டிநாட்டை நேரில் கண்டு வருபவனும் ஆவான். அவனிடம் கோவலன் மதுரைக்குச் செல்லும் வழியைக் கேட்கிறான்.

மறுமொழி ஒழுங்கான அமைப்புடையது. கொடும்பாளூர் நெடுங்குளக் கரையை அடைந்தால் பாதை சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழியில் முதலில் உலர்ந்த மரங்களும், நீர் வேட்கையால் மான் விளிக்கும் காடும், எயினர் வாழும் பகுதியும் வரும். அவற்றைக் கடந்தால் நெல்லும் கரும்பும் தினையும் வாழையும் பலாவும் சூழ்ந்த சிறுமலை தோன்றும். அதனை வலமாகக் கொண்டு செல்லலாம். இடப்பக்க வழி வயல்களும் பொழில்களும் காடுகளும் கடந்து திருமால் குன்றத்துக்கு இட்டுச்செல்லும். அங்குப் பிலவழியும், புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்னும் மூன்று பொய்கைகளும் உள்ளன. இடைவழியே நேரானது, ஊர்களும் காடுகளும் மாறிமாறி வரும், ஆனால் அங்கே வழிப்போவாரை மயக்கும் தெய்வம் ஒன்று இருக்கிறது, அதனைக் கடந்தால் மூன்று வழிகளும் கூடும் மதுரைப் பெருவழி கிடைக்கும்.

மறையவனுக்குத் தனக்கென ஒரு விருப்பம் உண்டு. இடவழிக்கு அவன் ஒதுக்கும் இடம் ஏனையவற்றினும் மிகுதி. திருமால் அடியவனாகிய அவன் அவ்வழியையே பரிந்துரைக்க விரும்புகிறான் என்பது தெளிவு. எனினும் தன் சமயச் சார்புக்காக எந்த வழியின் இடையூற்றையும் அவன் மறைக்கவில்லை. நேர்வழி எது என்பதையும் திரித்துக் கூறவில்லை. சமண நெறியினரான கவுந்தியடிகள் அப்பொய்கைகளின் பயன் தமக்கு வேண்டாதது என மறுத்து இடைவழியைத் தேர்கிறார். பவகாரணியில் படிந்தார் பழம்பிறப்பை உணர்வர் என்பது மறையவன் வாக்கு. கோவலனின் பழம்பிறப்பு வினையோ கொலைக்குப் பின்னரே மதுராபதித் தெய்வத்தால் கண்ணகிக்கு உரைக்கப்படுகிறது. தேரப்படாத வழி எதனைத் தரக்கூடியதாக இருந்தது என்பதைக் காப்பியம் கட்டுரை காதையில் தன் போக்கில் வெளிப்படுத்துகிறது.

மறையவன் தந்த எச்சரிக்கை உடனே பயன்படுகிறது. நீர் பருகச் சென்ற கோவலன் முன், மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் கானுறை தெய்வம் தோன்றி அவனை மயக்க முற்படுகிறது. இக்காட்டில் மயக்கும் தெய்வம் உண்டு என மறையவன் சொன்னதை நினைவுகூர்ந்தே கோவலன் மந்திரத்தால் அதன் வஞ்சத்தை அறிகிறான். வழிகூறல் உயிர் காத்த இடம் இது. பொய்யுருவம் ஒன்று எதிர்ப்படும்போது, முன்னரே சொல்லப்பட்ட சொல் பயணியைக் காக்கும் என்பதை இங்கே நிறுவிவிட்டுத்தான் காப்பியம் அவனை மதுரைக்குள் அனுப்புகிறது.

3. பாலை: இலக்கணமும் எச்சரிக்கையும்

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்ற கருத்து, தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்காத இடைவெளியை நிரப்புவதாகப் பாடநூல்களிலும் திணைக்கோட்பாட்டு ஆய்வுகளிலும் எடுத்தாளப்படுகிறது. அவ்வாறு எடுக்கும்போது அது கூறப்பட்ட சூழலும், அதற்கு முன்னுள்ள உவமையும் விடுபட்டுவிடுகின்றன.

சூழலில், இது வழி கேட்டவனுக்கு மறையவன் கூறும் முதல் மறுமொழி. பாலையாகும் இக்காலத்தில் பெண்ணொருத்தியோடு வந்திருக்கிறீர்களே என அவன் இரங்குகிறான். பருவம் பொருந்தாது என்னும் பயண எச்சரிக்கைதான் அது.

உவமையோ அரசியல் சார்ந்தது. அதிகாரிகளோடு சேர்ந்து அரசனும் முறை கோடினால் நாடு தன் அரசியல்பை இழக்கும். அதுபோல, வேனிலோடு கூடிய கதிரவனின் வெம்மையால் நிலம் தன் நல்லியல்பை இழக்கிறது என்பது மறையவன் கூற்று. உவமையின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்துகின்றன: கதிரவனுக்கு அரசன், வேனிலுக்கு அவன் அதிகாரிகள், நிலத்துக்கு நாடு. நிலத்தைக் கெடுப்பது கதிரவன் மட்டுமன்று. அவனோடு சேர்ந்த துணையுமாகும்.

காண்டத்தின் தொடக்கத்திலேயே வைக்கப்பட்ட இவ்வுவமை, அக்காண்டத்தின் முடிவை முன்னுணர்த்துகிறது. கொலைக்களக் காதையில் முறை கோடுவது அரசன் தனியாக அன்று. பொற்கொல்லனின் பொய்யுரை, ஆராயாத அரசனின் ஆணை, காவலர் செயல் ஆகியவை இணைந்தே கோவலனைக் கொல்கின்றன. மறையவன் பாண்டியனை வாழ்த்திக்கொண்டு வந்தவன். அவன் வாயிலிருந்தே, தன்னை அறியாமல், பாண்டியனின் வீழ்ச்சிக்கான உவமை பிறக்கிறது. பாலைப் பகுதியைத் தனியே துண்டித்து இலக்கணமாக்கும்போது இழக்கப்படுவது இந்த முன்னறிவிப்பாகும்.

4. இரவு நடையும் பாணர் மறுமொழியும்

புறஞ்சேரி இறுத்த காதையில் கோவலன் ஒரு முடிவெடுக்கிறான். பகல் வெயிலைக் கண்ணகியால் தாங்க இயலாது. ஆகவே நிலவொளியில் இரவில் நடக்கலாம். அதற்கு அவன் காட்டும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. பாண்டியன் காக்கும் நாட்டில் கரடி புற்றை அகழாது, புலி மானோடு பகைகொள்ளாது, பாம்பும் முதலையும் இடியும் சார்ந்தவர்க்குத் துன்பம் செய்யா என்னும் புகழ் எங்கும் பரவியுள்ளது என்கிறான் அவன். பெரும்பாணாற்றுப்படையில் பாணன் தரும் அதே உறுதிமொழி இங்கே பயணியின் நம்பிக்கையாக இடம்பெயர்கிறது. ஆற்றுப்படையில் நாட்டை நேரில் கண்டவன் அதைக் கூறினான். சிலப்பதிகாரத்தில் காணாதவன், கேள்விப்பட்ட புகழைக் கொண்டு கூறுகிறான். இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் அவலத்தின் வித்து அதில் அடங்கியுள்ளது.

பின்னர் எதிர்ப்பட்ட பாணர்களிடம் மதுரைக்கு இன்னும் எத்தனை காதம் எனக் கோவலன் வினவுகிறான். அவர்கள் எண்ணால் விடையளிக்கவில்லை. அகிலும் சந்தனமும் குங்குமமும் மலர்களும் புகையும் கலந்த மதுரைத் தென்றல் இங்கேயே வீசுகிறது. நகர் தொலைவில் இல்லை. தனியே சென்றாலும் தடுப்பார் எவருமில்லை என்கின்றனர். மணத்தால் தொலைவை அளப்பது நயமான மறுமொழி. அதன் இறுதிப் பகுதியோ பாதுகாப்பு பற்றிய உறுதி. அடுத்த நாள் தனியே நகருக்குள் செல்லும் கோவலனை வழியில் எவரும் தடுக்கவில்லை. அந்த அளவில் பாணர் சொன்னது உண்மையே. நகருக்குள் என்ன நேரும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, அவன் கேட்கவுமில்லை.

5. ஊர்காண் காதை: காட்டுவார் இல்லாத நகர்

ஊர்காண் காதையில் கோவலனுக்கு வழிகாட்டி யாரும் இல்லை. யவனர் காவல் செய்யும் மதில் வாயிலைக் கடந்து அவன் தானே சுற்றுகிறான். பரத்தையர் வீதி, அங்காடி வீதி, நவமணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என அடுக்கடுக்காகக் காட்சிகள் விரிகின்றன. மணி வீதியில் குற்றமற்ற வயிரமும் மரகதமும் பிறவும் வகைபிரித்துக் கூறப்படுகின்றன. பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னும் எங்கெங்கே உள்ளன என வாங்குவோர் மயங்காதவாறு கொடிகள் அறிவிக்கின்றன.

பெருநகரை இவ்வாறு நடந்து காட்டும் எழுத்து பிற பண்பாடுகளிலும் உண்டு. யவனர் எனத் தமிழர் சுட்டிய மேலை நாட்டாருள் உரோமரும் அடங்குவர். அவர்தம் தலைநகருக்குப் பிற்காலத்தில் வந்த பயணிகளுக்கான வழிக்குறிப்பு ஒன்று சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தின் பழைய ஏட்டில் உள்ளது. ரோம் நகரைக் குறுக்காகக் கடக்கும் ஒவ்வொரு வழியிலும் இடப்பக்கம் காணத்தக்கவை, வலப்பக்கம் காணத்தக்கவை என அது இரண்டு நிரல்களாகப் பட்டியலிடுகிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிராபிலியா உர்பிஸ் ரோமே என்னும் இலத்தீன் நூல் அந்நகரின் மதில்களையும் வாயில்களையும் குன்றுகளையும் பழங்கதைகளோடு சேர்த்துக் கூறுகிறது. இவை நகரின் பொருள்களைக் காட்டுகின்றன. நகரின் மனிதர்களை எவ்வாறு அறிவது என்பது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஊர்காண் காதையின் கோவலனும் அந்நிலையில்தான் நிற்கிறான்.

பொன்னின் தரத்துக்குக் கொடி உண்டு. பொன்வினைஞனின் தரத்துக்குக் கொடி இல்லை. நகரைக் கண்டு மகிழ்ந்து புறஞ்சேரிக்கு மீண்ட கோவலன், மதுரையின் குற்றமற்ற தன்மையையும் பாண்டியனின் கொற்றத்தையும் கவுந்தியடிகளிடம் எடுத்துரைக்கிறான். மறுமுறை நகருக்குள் செல்லும்போது, அரசவைக்குரிய உடை அணிந்து பொற்கொல்லர் பலர் பின்தொடர வரும் ஒருவனைக் காண்கிறான். அரசனால் சிறப்புப் பெற்றவன் எனக் கருதி அவனிடமே சிலம்பை விலையிடக் காட்டுகிறான். காட்டில் வசந்தமாலையின் உருவில் வந்த தெய்வமும், நகரில் அரச அடையாளத்தோடு வந்த பொற்கொல்லனும் காப்பியத்தின் அமைப்பில் ஓர் இணை. முன்னதைப் பற்றிச் சொல்ல ஒரு மறையவன் இருந்தான். பின்னதைப் பற்றிச் சொல்ல எவருமில்லை. செங்கோலின் மீதிருந்த நம்பிக்கையே அங்கு வழிகாட்டியின் இடத்தை எடுத்துக்கொண்டது.

பொற்கொல்லன் சொல்லை நம்பித் தவறிய தான் அரசனல்லன் என வழக்குரை காதையில் பாண்டியன் உணர்ந்து வீழும்போது, வீழ்வது ஓர் அரசன் மட்டுமன்று. வழிப்போக்கருக்குச் செங்கோலே காப்பு என்னும் ஆற்றுப்படை உறுதிமொழியும் அங்கே தன் பிணையை இழக்கிறது.

6. தெற்குச் சாலை: திருச்சுழியும் காரியாபட்டியும்

மறையவன் கூறிய மூன்று நெறிகளும் வடக்கிலிருந்து வருவோர்க்குரியவை. மதுரைக்குத் தெற்கே, இன்று அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலை கடக்கும் காரியாபட்டிப் பகுதிக்குக் காப்பியத்தில் வழிகூறுவார் இல்லை. ஆயினும் இவ்வறண்ட நிலம் சார்ந்த இரு பயணப் பதிவுகள் வழிகூறலின் நம்பகம் பற்றிய இவ்வாய்வுக்குத் துணை செய்கின்றன.

முதலாவது பெரியபுராணத்தில் உள்ளது. சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வணங்கிவந்த சுந்தரர் திருச்சுழியலில் தங்கியிருந்தபோது, இறைவன் காளை வடிவில் கனவில் தோன்றித் தாம் இருப்பது கானப்பேர் எனக் கூறி மறைகிறார். அடுத்துச் செல்லவேண்டிய ஊரைச் சென்று சேரப்படுபவரே வந்து சொல்லும் இந்நிகழ்வில் வழிச்செய்தி பிழைக்க இடமில்லை. ஆற்றுப்படையில் வள்ளலின் செங்கோல் வகித்த பிணையிடத்தை இங்கு இறைவன் வாக்கு பெறுகிறது.

இரண்டாவது அண்மைக்காலத்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்து பின்னர் ரமண மகரிஷி என அறியப்பட்ட வேங்கடராமன், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். பழைய நிலப்படத் தொகுதி ஒன்றைப் பார்த்து, அண்மையிலுள்ள இரயில் நிலையம் திண்டிவனம் என முடிவுசெய்து அதற்கே பயணச்சீட்டு வாங்கினார். அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகச் செல்லும் இருப்புப்பாதை அமைந்துவிட்டது. அப்படத்தில் அது இல்லை. இரயிலில் உடன் வந்த மௌலவி ஒருவர் விழுப்புரத்தில் மாறவேண்டும் எனத் தெரிவித்த பின்னரே அவர் சரியான வழியை அறிந்தார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். அச்சிட்ட செய்தி காலத்தால் பிழைபட்டது. நேரில் அறிந்தவரின் சொல் அதனைத் திருத்தியது. மாங்காட்டு மறையவனைப் போலவே இம்மௌலவியும் தம் சமய எல்லைக்கு வெளியே உள்ள ஒருவருக்கு உண்மையான வழியைக் கூறியவர் என்பது ஒப்பிடத்தக்கது.

மூன்றாம் பகுதியில் கூறப்பட்ட பாலை வாசிப்பு இந்நிலத்துக்குக் கூடுதல் பொருத்தமுடையது. காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் பேராற்றுப் பாசனம் வாய்க்காத வானம் பார்த்த பூமி; மழைநீரைக் கண்மாய்களில் தேக்கி வாழ்வது. திருச்சுழி வழியே ஓடும் குண்டாறும் மழையை நம்பியதே. சீமைக்கருவேலம் மண்டிய நிலங்களைச் சாலையிலிருந்து நோக்கும் பயணிக்கு இது இயற்கையாகவே வறண்ட இடமாகத் தோன்றும். அவ்வூர்களின் மாணவர்க்கும் பாலை என்பது நலம் இழந்த நிலம் என்னும் அளவிலேயே கற்பிக்கப்படுமாயின், தம் ஊரே அதற்கு எடுத்துக்காட்டு என்ற முடிவுக்கு அவர்கள் வர நேரிடும். உவமையையும் சேர்த்துக் கற்பித்தால் பொருள் வேறாகிறது. பாலை நிலத்தின் பிறவிக் குணம் அன்று. பருவம் திரிந்ததால் வந்த வடிவம். முறை கோடிய ஆட்சியில் நாடு கெடுவது அதற்கு ஒப்பு. கண்மாயும் வரத்துக்கால்வாயும் பேணப்படுகின்றனவா என்பதைப் பொறுத்து நிலத்தின் தோற்றம் மாறும் ஒரு வட்டாரத்தில், இளங்கோவடிகள் நிலத்தையும் ஆட்சியையும் ஒரே உவமையில் பிணைத்தது வெறும் அணியாக நின்றுவிடுவதில்லை.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் வருமாறு தொகுக்கத்தக்கன. சிலப்பதிகார மதுரைக் காண்டத்தின் வழிக்குறிப்புகள் ஆற்றுப்படை மரபின் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. குறிப்பாக, செங்கோல் உள்ள நாட்டில் வழி பாதுகாப்பானது என்னும் உறுதிமொழி பெரும்பாணாற்றுப்படையோடு நெருங்கிய ஒப்புமை உடையது. ஆற்றுப்படையில் அறிந்தவன் கூற்றாக உள்ள அவ்வுறுதி, சிலப்பதிகாரத்தில் அறியாதவன் நம்பிக்கையாக மாறுகிறது. காட்டில் மறையவனின் எச்சரிக்கையால் தப்பிய கோவலன், எச்சரிப்பார் இல்லாத நகரில் அரச அடையாளத்தை நம்பி அழிகிறான். பாலையைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி வழிகூறலின் உறுப்பாகவும், அரசு கோடுதலின் முன்னறிவிப்பாகவும் வாசிக்கத்தக்கது. உவமையை நீக்கி அதனை இலக்கணமாக மட்டும் எடுத்தாளும் வழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

மதுரைக்கு வருவோர்க்கு இன்று எழுதப்படும் வழிகாட்டி நூல்களையும் இவ்வளவுகோலால் மதிப்பிடலாம். காணத்தக்க இடங்களையும் கடைவீதிகளையும் அவை நிரல்படக் கூறுகின்றன. மாங்காட்டு மறையவன் செய்ததுபோல், ஒவ்வொரு வழியிலும் எதை அஞ்சவேண்டும் என்பதையும் அவை கூறுகின்றனவா, அந்நகருக்கு வரும் சாலைகள் கடக்கும் காரியாபட்டி போன்ற ஊர்கள் அவற்றில் எவ்விடம் பெறுகின்றன என்பவை தனி ஆய்வுக்குரியன.